பின்னறைச் சுவரின் எண்ணெய்க்கறை

சங்கவி, முகில், அப்பா எழுதுகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து தனித்தனியாகப் படியுங்கள். ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்கு வாயால் சொல்ல வேண்டாம். சொல்லும்போது கூடக் குறைய ஆகிவிடும்.

முதலில் ஒன்று. காத்து கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். அது உங்களுக்கே தெரியும். கழிப்புக் கழித்து முச்சந்தியில் போட்டிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கழுவி, சர்பத் போட்டுக் குடித்தவன் என்று உங்கம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்கள் முன்னால் என்னை ஏலம் விடுவாள். உண்மைதான், குடித்தேன். நல்ல சாறுள்ள பழம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்டவன் எழுதுவது இது. சங்கவி, நீ கெமிஸ்ட்ரி படித்தவள், பாதியிலேயே சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் கடைசிவரை படித்துவிடு. உன் நிச்சயதார்த்தத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. எனக்குச் சோறு போடுவது என் மூக்கு. கம்பத்தில் ஏலக்காய் இருப்பு வைக்கிற கிட்டங்கியில் இருபத்தைந்து வருசமாக வேலை. நூறு மூட்டை அடுக்கியிருந்தாலும் எந்த மூட்டை ஈரம் விட்டிருக்கிறது, எதில் பூசணம் ஆரம்பித்திருக்கிறது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவேன். கண்ணுக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும், மூக்குக்குத் தெரிந்துவிடும். முதலாளி மிஷின் வாங்கி வைத்தார். மிஷின் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் என் மூக்கை நானே சந்தேகப்பட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுருளிப்பட்டியில் இப்போது நாம் இருக்கிற வீட்டை வாங்கியபோது சங்கவிக்கு ஒன்பது வயது, முகிலுக்கு மூன்று. பழைய வீடு. செங்கல்லை மண்ணு வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். பின்பக்கம் வயல். பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டால் வயலெல்லாம் நிறைந்து, வீட்டின் பின்சுவர் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். வீட்டை விற்றவர் திருப்பூரில் இருந்தார். ஒரே நாளில் பத்திரம் முடித்துக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

பின்னறையில், வயலை ஒட்டிய கிழக்குச் சுவரில் ஒரு எண்ணெய்க்கறை இருந்தது. பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், யாராவது ஒரே இடத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து, தேங்காய் அளவுக்குக் கருப்பாகப் படிந்திருக்கும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். அதற்குக் கீழே முதுகு பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்து போன மாதிரி இருக்கும்.

நான் செய்த தப்பு இங்கேதான். வீட்டைப் புது வீடு மாதிரி ஆக்க வேண்டும் என்று ஒரு வெறி. பழனிசெட்டிபட்டியில் உங்கள் மாமன் வீட்டில் நாலடி உயரத்துக்குச் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. செல்லையா கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவரை உங்களுக்குத் தெரியும், மாமா என்றுதான் கூப்பிடுவேன், உறவெல்லாம் இல்லை.

அவர் சுவரைச் சுண்டிப் பார்த்தார்.

"மாப்ள, இதுல சிமெண்டப் பூசி டைல்ஸ் ஒட்டுனீகன்னா தரையிலருந்து ஏறுற ஈரம், அந்த ஓதம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்கும். சுவருக்கு மூச்சு முட்டிப் போகும்."

"எங்க மச்சினன் வீட்ல ஒட்டலயா மாமா?"

"அது பெறந்ததுலருந்து சிமெண்டத் தின்னு வளந்த வீடு. இது சுண்ணாம்பு குடிச்சு வளந்தது. ரெண்டுக்கும் ஒரே சாப்பாடா?"

"பால் காய்ச்ச வாரவுக இந்தக் கறையப் பாத்து மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போகணுமா? ஒட்டுங்க."

அவர் கறையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"சரி, மத்த மூணு சுவரும் ஒட்டிருவோம். இது ஒண்ண மட்டும் இப்படியே விட்டுருவோம் மாப்ள."

"ஏன்? இந்தச் சுவரு உங்களுக்குக் கொழுந்தியாளா?" என்று கேட்டேன்.

அவர் வாளியில் தண்ணீர் எடுத்து வந்தார். கறையைச் சோடா போட்டுத் தேய்த்தார், போகவில்லை. அதன் மேலேயே சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினார். பால் காய்ச்சினோம். வந்தவர்கள் எல்லாரும் டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து இருந்தது.

அடுத்த ஐப்பசியில் வாடை வந்தது.

மக்கல் வாடை. நனைந்த சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. முதலில் எலி செத்திருக்கும் என்று ஓட்டைப் பிரித்துப் பார்த்தோம். எலி இல்லை. சாக்கடையைக் கழுவினோம், பீரோவைக் காலி பண்ணித் துணிமணி எல்லாம் வெயிலில் போட்டோம், அடுப்புக்கரியைத் தட்டில் பரப்பி மூலைக்கு மூலை வைத்தோம், சாம்பிராணி போட்டோம். சாம்பிராணி போட்டால் சாம்பிராணி வாடையும் மக்கல் வாடையும் சேர்ந்து வந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. அந்த வாடையோடு முகிலுக்கு இழுப்பும் வந்தது. நாலு வயதுப் பிள்ளை, மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். தேனியில் குழந்தைகள் டாக்டரம்மா இன்ஹேலர் கொடுத்துவிட்டு, "மருந்து பாதிதான். வீட்ல எங்க ஈரம் இருக்குன்னு கண்டுபிடிச்சு எடுங்க. முடியலைன்னா வீட்ட மாத்துங்க. அடுத்த தடவை கூட்டிட்டு வர நேரம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்று சொன்னார்.

உங்கம்மா அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். "வீட்டப் பூட்டிட்டு லோயர் கேம்ப்ல எங்காத்தா வீட்டுக்குப் போயிருவோம்ங்க. டைல்ஸ நீங்க பாத்துக்கிட்டு இங்கனயே இருங்க" என்றாள். குத்தல்தான், ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு வாரம் கொடு என்றேன். ஒரு வாரத்தில் வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் நானே பூட்டுகிறேன் என்றேன்.

என் தொழிலையே வீட்டில் செய்து பார்த்தேன். நன்றாகக் காய்ந்த ஏலக்காய், பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கிட்டங்கிக்குள் பீடி குடிக்க விடமாட்டார்கள். நாலு கிண்ணத்தில் கைப்பிடி கைப்பிடியாக நல்ல காயைப் போட்டு, கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, முன்னறையில் ஒன்று, முகில் படுக்கிற பின்னறையில் ஒன்று என்று வைத்தேன். ஒரு நாள் கழித்து நாலையும் வெளியே கொண்டுபோய் ஒவ்வொன்றாக முகர்ந்தேன். பின்னறைக் கிண்ணம் மட்டும் மக்கல் அடித்தது. சரி, அகப்பட்டுவிட்டது என்று முகிலை முன்னறைக்கு மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, புதுக் காய் போட்டு மறுபடியும் வைத்தேன்.

இந்தத் தடவை பின்னறைக் கிண்ணம் சுத்தமாக இருந்தது. முன்னறைக் கிண்ணம் அடித்தது.

மெத்தையாக இருக்கும் என்று மெத்தையைத் தூக்கி வெளியே போட்டேன். புதுப் பாய் வாங்கி, முகிலைக் கூடத்தில் படுக்க வைத்தேன். கூடத்துக் கிண்ணம் அடித்தது. மற்ற மூன்றும் ஏலக்காய் வாசம்தான். நம்பினால் நம்புங்கள், பிள்ளை எங்கே படுக்கிறானோ அங்கே போகிறது அது. இன்னொன்று, அந்தக் காயைக் கையில் வைத்துக் கண்ணை மூடி முகர்ந்தால் மக்கல் மட்டும் இல்லை. அதற்குள் சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் வாடை. அதற்கும் அடியில் தைலம். நெஞ்சில் தேய்க்கிற நீலகிரித் தைலம். நம் வீட்டில் அன்றைக்குத் தைலப் புட்டியே கிடையாது, டாக்டரம்மா தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். உங்கம்மாவை முகரச் சொன்னேன். ஒன்றும் தெரியவில்லை, ஏலக்காய்தான் என்றாள். என் மூக்குக் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்ட வாரத்தில் ஆறாம் நாள். எல்லாரும் இந்த மாதிரிக் கதையை நடுராத்திரியில் நடந்ததாகத்தான் சொல்வார்கள். எனக்கு நடந்தது பகல் மூன்று மணிக்கு. காலையிலிருந்து அடைமழை. கிட்டங்கிக்குச் சரக்கு வரவில்லை, நான் வீட்டில் இருந்தேன். முகிலின் இன்ஹேலரில் மருந்து தீரப்போகிறது என்று உங்கம்மா சங்கவியையும் கூட்டிக்கொண்டு கம்பம் போயிருந்தாள். நானும் முகிலும்தான்.

இரண்டரை மணிக்கு அவனுக்கு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலரை அமுக்கினேன், புஸ் என்று காற்றுதான் வந்தது. புகை மருந்து வைக்கிற மிஷினைப் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. அவனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போய் பைக்கை உதைத்தேன், தண்ணீர் புகுந்து அது எழும்பவில்லை. ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன். "ஓடையில தண்ணி ரோட்டுக்கு மேல போகுதுண்ணே, சுத்தித்தான் வரணும், அரை மணி நேரமாகும்" என்றார். திரும்பி அவனைப் பார்த்தால் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வருகிறது. மடியில் படுக்கப் போட்டேன், அவன் திமிறினான். தோளில் போட்டேன், அதற்கும் திமிறினான். சாமியைக் கூடக் கூப்பிடத் தோன்றவில்லை.

அவன் என் கையிலிருந்து வழுக்கி இறங்கினான். நடந்து பின்னறைக்குப் போனான். போய்க் கிழக்குச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான்.

அவன் உட்கார்ந்த விதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு வயதுப் பிள்ளை அப்படி உட்கார மாட்டான். இரண்டு முழங்காலையும் மடக்கி, முழங்கால் மேல் இரண்டு கையையும் ஊன்றி, தோளைத் தூக்கி, தலையைப் பின்னால் சுவரில் சாய்த்து, வருசக்கணக்காக அப்படியே உட்கார்ந்து பழகிய ஆள் மாதிரி உட்கார்ந்தான். உதட்டைக் குவித்து, விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி மெதுவாக ஊதினான். மூக்கால் இழுத்தான். மறுபடி ஊதினான்.

நான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். அப்போதுதான் கேட்டது. சுவருக்குள் இன்னொரு மூச்சு.

டைல்ஸ் ஓதத்தில் விட்டுப்போய்ப் பின்னால் பொள்ளலாக இருக்கும், பிள்ளையின் மூச்சு அதில் பட்டு எதிரொலிக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நான் அவ்வளவு லேசில் நம்புகிற ஆள் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். எதிரொலி என்றால் பின்னால் வர வேண்டும். இது முன்னால் வந்தது. சுவர் ஊதியது, அதற்கப்புறம் முகில் ஊதினான். சுவர் இழுத்தது, அதற்கப்புறம் முகில் இழுத்தான். பாடம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்களே, அப்படி.

"முகிலு" என்றேன்.

"இங்கன சாஞ்சா லேசா இருக்குப்பா" என்றான்.

"யாருப்பா சொன்னா?"

"சாஞ்சு இருக்காகல்ல, அவுக."

அவன் தலைக்கு மேலே, தரையிலிருந்து இரண்டரை அடியில், டைல்ஸில் கையை வைத்தேன். ஐப்பசி மழையில் சுற்றியுள்ள டைல்ஸெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கிறது, அந்த ஒரு டைல் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுத்தது. கையை முகர்ந்தேன். சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய், தைலம்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. பிள்ளை உதட்டில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நான் எழுந்து ஓடவில்லை. அவனைப் பிடித்துத் தூக்கவும் பயம், விட்டு நகரவும் பயம். ஆட்டோ ஹாரன் கேட்டது. அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். பின்னறைக் கதவை ஒரு கையால் இழுத்தேன், பழக்கத்தில்தான். முகில் தோளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"கதவச் சாத்தாதீகப்பா. அவுகளுக்குப் பயம்" என்றான்.

கதவை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

கம்பம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அங்கே டாக்டர், "உக்கார வச்சு உதட்டைக் குவிச்சு ஊதச் சொல்லியிருக்கீங்க, அதனாலதான் இவ்வளவு தூரம் தாங்கியிருக்கான். யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். உங்கம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். இன்றைக்குவரை அவள் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே உங்களை லோயர் கேம்ப் அனுப்பிவிட்டு, செல்லையா மாமாவைக் கூப்பிட்டேன். வாடை அடிக்கிறது, கிழக்குச் சுவரை உடைக்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உளியை எடுத்து முதல் டைலைப் பெயர்த்தார். பின்னாலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. சிமெண்டும் சுவரும் ஒட்டாமல் நடுவில் விரல் போகிற இடைவெளி, அதில் கருப்பாகப் பூசணம், பிடித்து இழுத்தால் துணி மாதிரி வருகிறது. மக்கல் வாடை அறை முழுக்க நிறைந்தது. சரி, இதுதான் வாடை, இதுதான் ஈரம், இதுவரைக்கும் எல்லாம் கணக்குக்கு வருகிறது என்று நான் நிம்மதியானேன்.

அப்புறம் அந்த வெதுவெதுப்பான டைலைப் பெயர்த்தார். பெயர்த்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தரையில் வைத்தார். அதன் பின்பக்கம், சிமெண்டில், தேங்காய் அளவுக்கு எண்ணெய்க்கறை. பழைய கறை சிமெண்டுக்குள் ஊறி வந்திருக்கும் என்று சொல்லலாம். நானும் சொன்னேன். கறையில் இரண்டு மூன்று தலைமயிர் ஒட்டியிருந்தது. நீளமான மயிர்.

அவர் உளியைக் கீழே போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"இங்கன பேச்சியக்கான்னு ஒருத்தவுக இருந்தாக மாப்ள" என்றார். "வீட்ட வித்தாருல்ல, அவருக்குக் கூடப் பெறந்த அக்கா. சின்ன வயசுலருந்து இழுப்பு. கல்யாணங் கட்டல. படுத்தா மூச்சு நின்னு போகும்னு பத்துப் பன்னெண்டு வருசமா அந்தச் சுவருல சாஞ்சே தூங்குவாக. தம்பிக்குக் கல்யாணம் வந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரவுக வர்ற நேரத்துல இருமல் சத்தமும் தைல நாத்தமும் என்னத்துக்குன்னு பின்னாடி மாட்டுத் தொழுவத்துக்கு மாத்திட்டாக. ஒரு நாள்தானன்னு. பின்னறையில கல்யாண அரிசிய அடுக்கணும். அப்ப நான் மூட்டை தூக்குறவன். இருவது மூட்டை. அடுக்குனது நாந்தான்."

பீடி அணைந்துவிட்டது. அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அடுக்கையில வந்து நின்னாக. செல்லையா, ஒரு மூட்டைய மட்டும் தள்ளி வையிடா, ஒரு ஓரமா நான் பாட்டுக்கு முதுகு குடுத்து உக்காந்துக்கிர்றேன், சத்தம் போட மாட்டேன்னாக. எனக்கு இன்னும் பத்து மூட்டை கெடந்துச்சு. நாளைக்கு எடுத்துர்றேன்க்கான்னு சொல்லிட்டேன். தொழுவத்துல சுவரு கிடையாது மாப்ள, ஓலைத் தட்டிதான். சாஞ்சா சரியும். வெளிய வந்துரக் கூடாதுன்னு கொண்டிய வேற போட்டுட்டாக. மூணாம் பந்தி முடிஞ்சு சோறு கொண்டுக்கிட்டுப் போய்த் தொறந்தா, சாய எடந்தேடி நாலு பக்கத் தட்டியும் சரிஞ்சு கெடக்கு. நடுவுல கெடந்தாக."

"அன்னைக்கு டைல்ஸ் ஒட்டுறப்பவே ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா வீட்டுக்குள்ள குடி வருவீகளா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவர் எழுந்து போய் மறுபடி உளியை எடுத்தார். நாலு நாளில் சிமெண்ட் முழுவதையும் சுரண்டி எடுத்தோம். வெளிப்பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்த மண்ணை வெட்டி இறக்கி, வயல் தண்ணீர் தேங்காமல் ஓட வாய்க்கால் எடுத்தோம். எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் வைத்தோம். மாசி வரைக்கும் சுவரை அம்மணமாகக் காயவிட்டு, அப்புறம் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசினார். கூலி வாங்கவில்லை. பழைய வீட்டுச் சுவரில் வாடை வந்தால் இதைத்தான் செய்ய வேண்டும், பிள்ளைகளா. மேலே ஒன்றைப் பூசி மறைத்தால் அது வேறு பக்கம் வரும். இதுவாவது உங்களுக்கு உபயோகப்படட்டும்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். நாலு கிண்ணத்தில் ஏலக்காய் வைத்தேன், நாலும் ஏலக்காயாகவே இருந்தது. முகிலுக்கு இழுப்பு குறைந்து குறைந்து, பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு வரவே இல்லை. ஓதம் போனது, இழுப்பும் போனது என்று சொன்னால், சங்கவி, நீ ஒத்துக்கொள்வாய். நானும் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஆனால் வருசா வருசம் தை மாதம் பின்னறைக் கிழக்குச் சுவருக்கு மட்டும் நானே வெள்ளையடிக்கிறேன், ஆள் வைக்க விடுவதில்லை. ஏன் என்று இரண்டு பேரும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். ஐப்பசி முடிந்ததும் அந்தச் சுவரில் கறை வருகிறது. இரண்டரை அடியில், தேங்காய் அளவுக்கு. அங்கே யாரும் உட்காருவதில்லை, சாய்வதில்லை, எனக்குத் தெரியும். அதைக்கூட விட்டுவிடலாம். பழைய எண்ணெய் சுண்ணாம்பில் ஊறி வருகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

முகில், உன்னிடம் சொல்லக் கூடாது என்று பன்னிரண்டு வருசமாக வைத்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு கறை வருகிறது. சின்னது, ஆரஞ்சுப் பழ அளவுக்கு. தரையிலிருந்து ஒன்றரை அடி. நாலு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் தலை படுகிற உயரம். அன்றைக்கு ஒரு நாள், ஒரு அரை மணி நேரம்தான் நீ அங்கே உட்கார்ந்தாய். ஒவ்வொரு வருசமும் அளந்து பார்க்கிறேன். நீ வளர்ந்து என் தோளுக்கு மேல் வந்துவிட்டாய். அது ஒரு விரல்கூட உயரவில்லை. நான் தூக்கிக்கொண்டு ஓடியது உன்னை முழுசாகத்தானா என்று சில நேரம் நினைப்பேன். அப்புறம் நீ வந்து சோறு கேட்பாய், அந்த நினைப்பு போய்விடும்.

செல்லையா மாமா போன வருசம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இது தெரிந்த ஆள் நான் மட்டும்தான். அதனால்தான் எழுதுகிறேன். சங்கவியின் நிச்சயத்துக்கு நேற்று அரிசி வந்து இறங்கியது. நான் கிட்டங்கியில் இருந்தேன். ஏழு மூட்டை. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார இடம் வேண்டும் என்று உங்கம்மா ஆள்களை வைத்துப் பின்னறையில் அடுக்கச் சொல்லியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நான் எதுவும் சொன்னதில்லையே. கிழக்குச் சுவரோடு சேர்த்து அடுக்கி, பூனை நுழையக் கூடாது என்று கதவைச் சாத்திக் கொண்டியும் போட்டிருந்தாள்.

இன்றைக்குப் பகலில் நீங்கள் மூன்று பேரும் துணி எடுக்கத் தேனிக்குக் கிளம்பினீர்கள். வயிறு சரியில்லை என்று நான் வரவில்லை அல்லவா. என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. பஸ் போகிற சத்தம் கேட்டதும் பின்னறைக் கதவைத் திறந்தேன். ஏழு மூட்டையையும் ஒவ்வொன்றாக இழுத்து எதிர்ப்பக்கம் ஜன்னல் ஓரமாகப் போட்டேன். இடுப்பு விட்டுப்போனது. நல்ல கோரைப்பாய் ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, கிழக்குச் சுவர் ஓரமாக வைத்தேன். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் முன்னறைக்குப் போய் இன்னொரு பாயும் எடுத்து வந்து, அதன் பக்கத்தில் சின்னதாக மடித்து வைத்தேன்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவிலிருந்த கொண்டியைக் கழற்றி வயலில் எறிந்தேன்.